கணினிக்குப் பொய்க் காவலர்

சென்ற ஆண்டு சம்பா நடவு முடிந்த நாட்களில், நம் மாணவர் ஒருவர் தம் தந்தையார் பொருட்டு நெல்லின் விலையை இணையத்திற் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென மடிக்கணினி அலறிற்று. திரை முழுவதும் சிவந்து, ஐந்து வைரஸ்கள் புகுந்துவிட்டன என்றும், உடனே ஒரு மென்பொருளை விலைகொடுத்துப் பெறாவிடிற் கோப்புகள் யாவும் அழியுமென்றும் ஓர் அறிவிப்பு எழுந்தது. பயிர்க் காப்பீட்டுக்கென வைத்திருந்த பணம் அவர் வங்கிக் கணக்கில் இருந்தது. அட்டை எண்ணைப் பதியுமுன் அவர் நம்மைத் தொலைபேசியில் அழைத்தது நற்காலமே. அன்று அவருக்குச் சொன்னதை ஈண்டுச் சற்று விரித்துரைப்போம்.

முதற்கண் அறியவேண்டுவது யாதெனில், இணையப் பக்கம் ஒன்று தானாகவே நம் கணினியின் வட்டு முழுவதையும் துழாவிப் பார்க்க இயலாது. உலாவி அதற்கு இடங்கொடாது. வட்டு முழுவதையும் மெய்யாகவே சோதிக்கப் பல நிமிடங்கள், சிலவேளை மணிக்கணக்கும் ஆகும். இவ்விளம்பரமோ சில நொடிகளிற் கணக்கை முடித்துவிடுகிறது. ஓடுவதுபோல் தோன்றும் அளவுக்கோடு வெறும் படமே. கைபேசியிற் பார்ப்பவருக்கும் விண்டோஸின் ‘சி’ வட்டில் நோயுண்டென்று கூறுவன உள. கைபேசியில் அப்படியொரு வட்டே இல்லையென்பதை எழுதினவன் மறந்தான் போலும்!

இவ்வணிகம் புதிதன்று. 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், இன்னவேட்டிவ் மார்க்கெட்டிங் என்னும் குழுமத்தின்மீது வழக்குத் தொடுத்தது. வின்பிக்ஸர், டிரைவ்கிளீனர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் முதலிய பெயர்களில் அது விற்ற போலிச் சரக்கை வாங்கினோர் பத்து லட்சத்திற்கு மேற்பட்டோர் என்று ஆணையம் கூறிற்று. நேர்மையான நிறுவனங்களின் பெயரைச் சொல்லியே அவர்கள் விளம்பர இடம் வாங்கினர். 2012-இல் 16 கோடியே 30 லட்சம் டாலருக்குத் தீர்ப்பாயிற்று. 2009 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் தளத்திலேயே இத்தகைய விளம்பரம் புகுந்துவிட்டது. ஆகவே, பெயர்பெற்ற தளத்திற் கண்டோம் என்பது சான்றாகாது.

கடைக்காரர் செய்த சோதனையும் ஒன்றுண்டு. ஆபீஸ் டிப்போ என்னும் அமெரிக்கப் பெருங்கடையில், நான்கு கேள்விகளில் ஒன்றிற்கேனும் ‘ஆம்’ என்றவர் கணினிக்கு நோய்க்குறி உண்டென்று மென்பொருள் காட்டிற்றாம். நாடி பாராமலே மருந்து கட்டும் வைத்தியம் இது. வழக்கின் முடிவில், 2019-இல், அக்கடை 2 கோடியே 50 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது.

நம் நாட்டிலும், போலித் தொழில்நுட்ப உதவி மையங்கள் முதலிய இணைய மோசடிகளைக் குறித்து 2023 அக்டோபரில் சி.பி.ஐ. 76 இடங்களிற் சோதனை நடத்திற்று. அலறும் திரையிற் காணும் தொலைபேசி எண் பெரும்பாலும் இத்தகைய மையத்திற்கே கொண்டுசெல்லும். மைக்ரோசாப்டின் மெய்யான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இராது.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? மூலையிலுள்ள ‘மூடு’ குறியையும் தொடலாகாது. அதுவும் விளம்பரத்தில் வரைந்த சித்திரமாயிருக்கலாம். ஆல்ட், எப்4 விசைகளைச் சேர்த்தழுத்தி உலாவியை மூடுக. மூடாவிடிற் கணினியையே நிறுத்துக. மீளத் திறக்கையிற் பழைய பக்கங்களை மீட்கும்படி சொல்லற்க. அறிவிப்புகளுக்கு அறியாது அனுமதி தந்திருப்பின், உலாவியின் அமைப்பிற் சென்று அதனை நீக்குக. விண்டோஸ் 8 முதற்கொண்டு வைரஸ் தடுப்பு உடன் அமைந்தே வருகிறது. சோதனையை அதனிடமே ஒப்புவிக்க. பணம் போயிற்றேல், தாமதியாது வங்கிக்கும் 1930 என்னும் எண்ணுக்கும் தெரிவிக்க.

நம் மாணவர் கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினார். உள்ளமைந்த தடுப்பு ஒரு மணி நேரம் தேடியும் ஒன்றும் காணவில்லை. மறுநாள் காப்பீட்டுத் தொகையைச் செலுத்திவிட்டு, இரசீதைப் படமெடுத்து நமக்கு அனுப்பினார்.