கன்சல்டிங்கில் எடுத்த கார் மக்கர் செய்தால் யாரைப் பிடிப்பது?

கார் எடுத்த மூன்றாம் வாரம் கியர் பாக்ஸ் கத்த ஆரம்பிக்கும். விற்றுக் கொடுத்த கன்சல்டிங்குக்கு, அதாவது பழைய வண்டிகளைக் கைமாற்றிவிடும் கடைக்குப் போய் நின்றால், "நாங்க கமிஷனுக்குப் பேசிவிட்டதோட சரிங்க, ஓனரைக் கேளுங்க" என்பார்கள். ஓனர் நாமக்கல்லில் இருப்பார். போனை எடுக்க மாட்டார். வெள்ளகோவில், காங்கயம் பக்கம் பழைய வண்டி வாங்கியவர்களுக்கு இது புதிய கதை அல்ல.

கடைக்காரர் சொல்வது உண்மையா என்பதை உங்கள் கையிலுள்ள காகிதம்தான் சொல்லும். விற்றவர் என்று அதில் யார் பெயர் இருக்கிறதோ, அவரைத்தான் எளிதாகப் பிடிக்க முடியும். அதனால் எங்கே வாங்குகிறோம் என்பதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது.

தெரிந்தவரிடம் நேரடியாக வாங்கினால் விலை குறையும். ஆனால் சொந்தக் காரை விற்பவர் வியாபாரி அல்ல. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை அவர்மேல் பாய்ச்ச முடியாது. சிவில் கோர்ட்தான் கதி. நம்பகமான மெக்கானிக்கைக் கூட்டிப்போனால் மட்டும் இந்த வழி சரி.

ட்ரூ வேல்யூ போன்ற கம்பெனி கடைகளில் விலை கூடுதல். அதற்குப் பில்லும் வாரண்டியும் கிடைக்கும். பல வாரண்டிகள் இன்ஜின், கியர் பாக்ஸோடு நின்றுவிடும். கிளட்ச், ஏசியெல்லாம் உங்கள் செலவு. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்துவிடுங்கள்.

கன்சல்டிங்கில் பேரம் பேசலாம், பழைய வண்டியை மாற்றிக்கொள்ளலாம், ஃபைனான்ஸும் அங்கேயே முடியும். சிக்கல் டெலிவரி நோட்டில் இருக்கிறது. பணத்தை எண்ணி வாங்குவது கடை; தாளில் இருப்பது பழைய ஓனர் பெயர். பில் கேட்டால், "ஜிஎஸ்டி ஏறும், உங்களுக்குத்தானுங்க நட்டம்" என்பார்கள். 2025 ஜனவரி முதல் பதிவு பெற்ற பழைய கார் வியாபாரிக்கு வரி 18 விழுக்காடுதான். அதுவும் காரின் முழு விலைக்கு அல்ல, அவருடைய லாபத்துக்கு மட்டும். இன்னொன்றும் கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். பழைய ஓனர் படிவம் 29சி கொடுத்து வண்டியை ஒப்படைத்துவிட்டால், விதிப்படி அந்த டீலரே ஓனர். பிறகு எந்த வாயால் "கமிஷன்" என்பார்? என்னைக் கேட்டால், சான்றும் பில்லும் தருகிற கன்சல்டிங், கம்பெனி கடைக்குக் குறைந்ததல்ல. இரண்டும் தராத கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இனி, கோளாறு வந்த பிறகு. தேய்ந்த டயர், பழைய பேட்டரிக்கெல்லாம் வழக்குக்குப் போகாதீர்கள். பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. மறைத்து விற்றது வேறு. மீட்டரில் 68,000 காட்டுகிற கார், இரண்டு ஆண்டுக்கு முன்பே கம்பெனி சர்வீஸ் பதிவில் 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருந்தால், அந்தப் பதிவின் நகல் ஒன்றே பெரிய சாட்சி. வண்டியைப் பிரிப்பதற்கு முன் வேறொரு ஒர்க் ஷாப்பில் கோளாறை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பாகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பிரிட்டனில் டீலரிடம் எடுத்த பழைய காரில் கோளாறு இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிவிடலாம். நம் சட்டத்திலும் ஒரு 30 நாள் உண்டு. பில்லில் கெடு எதுவும் போடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுத்தால் அது முறையற்ற வணிகம். பில் தராமல் விடுவதும் அதே பட்டியலில் வருகிறது. ஆகவே முதல் மாதத்திலேயே, ஒப்புகையுடன் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், பெரிய கம்பெனிகளிடம் ஓரளவு எடுபடும். உள்ளூர்க் கடை அதற்கு அசைந்து கொடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சேசிஸ் எண்ணில் கை வைத்திருந்தாலோ, திருட்டு வண்டி என்றாலோ போலீஸுக்குப் போங்கள். இன்ஜின் புகைகிறது என்று போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மற்றபடி மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். காரை ஈரோட்டிலோ கோவையிலோ எடுத்திருந்தாலும், வெள்ளகோவில்காரர் திருப்பூரிலேயே புகார் கொடுக்கலாம். குடியிருக்கும் மாவட்டத்தில் வழக்குப் போட சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அதைவிட இழுக்கும். தானே ஓட்டிப் பிழைக்க டாடா ஏஸ் வாங்கியவரும் நுகர்வோர்தான். மில்லின் பேரில் வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி என்றால் ஆணையத்தில் நிற்பது கஷ்டம்.

புகாருக்கு இரண்டு ஆண்டு கெடு. கடைக்காரர் "அடுத்த வாரம் பார்க்கலாமுங்க" என்று இழுத்தடிக்கிற நாட்களும் அந்தக் கணக்கில்தான் ஓடும்.