ஐம்பதாயிரத்துக்குக் கீழே

அன்பு மகளே,

வயிற்றில் நீர் கோத்த பெரியவருக்கு பிளேட்லெட் நாற்பதாயிரம் என்று ரிப்போர்ட் வந்ததும், நீர் எடுப்பதையே தள்ளிவைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். நர்சிங் முதல் வருடத்திலேயே 'ஏன்' என்று கேட்டாயே, அதில் எனக்குப் பெருமை.

டெங்கு வந்துதான் நம் வீடுகளில் பிளேட்லெட் என்ற சொல்லே புழக்கத்துக்கு வந்தது. டெங்குவில் சில நாட்களில் எண்ணிக்கை தானாக ஏறிவிடும். அந்தப் பெரியவருக்கு உள்ள கல்லீரல் சுருக்கத்தில் அப்படி ஏறாது. இறுகிப்போன கல்லீரலுக்குள் நுழைய முடியாமல் ரத்தம் பின்னால் தேங்கும். மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட்டுகளைத் தன்னிடமே பிடித்துவைத்துக்கொள்ளும். எலும்பு மஜ்ஜையைத் தூண்டிப் புதிதாக உண்டாக்கச் சொல்லும் த்ரோம்போபொயட்டினைச் சுரப்பதும் பெரும்பாலும் கல்லீரல்தான். அந்தச் சுரப்பும் குறைகிறது. 1,50,000-க்கு மேல் இருக்க வேண்டியது இப்படித்தான் சரிகிறது.

பிளேட்லெட் ஏற்றினால்? ஏற்றியதிலும் ஒரு பங்கை அதே மண்ணீரல் வாங்கிக்கொள்ளும். மிஞ்சியதும் சில நாள்தான். காய்ச்சலோ ஒவ்வாமையோ வரலாம்.

கல்லீரல் நோயாளிகளுக்கு ஊசி, அறுவை போன்ற சிகிச்சைக்கு முன் பிளேட்லெட்டை உயர்த்துவதற்கென்றே 2018-இல் அமெரிக்காவில் இரண்டு மாத்திரைகளுக்கு அனுமதி கிடைத்தது. அவாட்ரோம்போபாக் ஐந்து நாள், லுசுட்ரோம்போபாக் ஏழு நாள். இரண்டும் மஜ்ஜையைத் தூண்டுபவை. பலன் தெரிய நாளாகும். அதனால் சிகிச்சைத் தேதியை முதலில் குறித்துவிட்டு, ஏறக்குறைய பத்து நாள் முன்பே தொடங்க வேண்டும். அவசரத்துக்கு உதவாது.

ஒன்றை மறந்துவிடாதே. இதே வகையைச் சேர்ந்த எல்ட்ரோம்போபாக்கைக் கல்லீரல் நோயாளிகளிடம் சோதித்தபோது, சிலருக்குக் கல்லீரலுக்குச் செல்லும் பெரிய சிரையிலேயே ரத்தம் உறைந்து, ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். இந்த நோயில் உறைய வைக்கும் பொருட்களோடு, உறைவதைத் தடுக்கும் புரதங்களும் சேர்ந்தே குறைகின்றன. பிளேட்லெட் குறைந்தவருக்கு ரத்தம் உறையவே உறையாது என்று நினைப்பது தவறு.

ஆகவே எண்ணைவிட, என்ன செய்யப் போகிறோம் என்பதே பெரிது. கல்லீரலில் ஊசி செலுத்தித் திசு எடுப்பதற்கும் பெரிய அறுவைக்கும் ஐம்பதாயிரத்தை ஒரு வரம்பாகப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. வயிற்றுநீர் எடுப்பதற்கு, நாற்பதாயிரம் என்பதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றத் தேவையில்லை என்பதே இன்றைய வழிகாட்டுதல். அந்தப் பெரியவர் மூச்சுவிடச் சிரமப்பட்டுக் காத்திருப்பதுதான் எனக்கு வருத்தம்.

நாளை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் இதைத் தயங்காமல் கேள். அவருக்கு நீர் எடுத்தார்களா என்று எழுது.

அன்புடன்,
அத்தை