பெற்றது எத்தனை, தங்கியது எத்தனை?

தைப்பிங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த மூத்த தாய்மார்களிடம் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால், சிலர் இரண்டு கணக்குச் சொல்வார்கள். பெற்றது இத்தனை, தங்கியது இத்தனை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குழந்தைகள் ஏன் போயின என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற் பகை மலேரியாக் காய்ச்சல். மலையடிவாரத்தில் அதைப் பரப்பிய கொசு காட்டு நிழலை நாடாது. வெயில் படும் தெளிந்த ஓடையில்தான் முட்டையிடும். ரப்பர் நடுவதற்காகக் காட்டை அழித்தபோதே நோய்க்கும் இடம் கொடுத்துவிட்டார்கள். 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சன் வடிகாலும் எண்ணெயும் கொண்டு அதைக் கட்டுப்படுத்த வழி காட்டினார்.

ஆனால் காய்ச்சல் தணிந்த தோட்டங்களிலும் குழந்தைகள் இறந்தன. காரணம் தாயின் வேலை நேரத்தில் இருந்தது. விடியுமுன் பிரட்டுக்கு நிற்க வேண்டும். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போனால், பால் வெட்டி, எடுத்து, நிறுத்துக் கொடுத்துத் திரும்ப நண்பகல் கடந்துவிடும். அதுவரை தாய்ப்பாலுக்குப் பதில் டின்பால். அதையும் சிக்கனம் கருதி நீர்க்கக் கலப்பார்கள். கலந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யார் பார்த்தார்கள்? வயிற்றுப்போக்கு கண்ட குழந்தை இரண்டே நாளில் துவண்டுவிடும். டின்பாலின் தீங்கை டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூரில் "பாலும் கொலையும்" என்ற தலைப்பிலேயே பேசினார். தாய் வீட்டில் இருந்திருக்கலாமே என்பார் உண்டு. 1920களின் இறுதியில் பல இடங்களில் ஆணின் நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்த 40 காசு இல்லாமல் அடுப்பு எரியாது.

சுதந்திரத்துக்குப் பின் அரசாங்கம் கிராமந்தோறும் மருந்தகமும் மருத்துவச்சியும் அமைத்தது. தீபகற்பத்தில் 1957இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 75ஆக இருந்த சிசு மரணம் 1990இல் சுமார் 13ஆகக் குறைந்தது. தோட்டமோ தனியார் நிலம். அத்திட்டங்கள் பெரும்பாலும் தோட்ட வாசலோடு நின்றன. உள்ளே டிரெஸ்சர் ஒருவரே கதி. இலங்கையிலும் இதே கதைதான்: தீவின் சராசரி உலகம் மெச்சும்படி இறங்கியது, தேயிலைத் தோட்டத் தமிழர் பின்தங்கினர்.

நம்மவர் அதிகம் பேசாத காரணம் ஒன்றுண்டு. நைஜீரியாவை ஆராய்ந்த ஜான் கால்டுவெல், தாய் படித்திருந்தால் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று 1979இல் காட்டினார். கேரளம் அதற்கு நல்ல சான்று. நம் தோட்டங்களிலோ தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணைத்தான் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். ஒரு குழந்தையைக் காக்க, நாளைய தாயின் படிப்பைக் கொடுத்தோம். இதற்குத் துரைமாரை மட்டும் குறை சொல்ல முடியாது.

இன்று பல தோட்டங்கள் கைமாறிவிட்டன, லயங்கள் இல்லை. ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் இன்னும் நம்மிடையே உள்ளனர். அரசு மருத்துவமனையில் அவர்களிடம் பெரும்பாலும் வெளிநாட்டவர் கட்டணமே கேட்கப்படுகிறது. கட்டணத்துக்கு அஞ்சும் தாய், காய்ச்சல் தானாக இறங்குமா என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கிறாள்.