குழந்தைப் பராமரிப்புச் செலவு: வேலைக்கும் படிப்புக்கும் செல்லும் தாய்மார் அறிய வேண்டியவை

பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் குடியேறிய நம் குடும்பங்களில் பாட்டியோ அத்தையோ உடனிருப்பது அரிது. கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்ற கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால் வேலையை விடுபவளும், பாதியில் படிப்பை நிறுத்துபவளும் தாயே. இதில் நமக்கு உள்ள உதவிகள் எவை என்பதே இப்பாடம்.

பிரிட்டனில் வேலை செய்யும் பெற்றோர் காப்பகச் செலவுக்கென 8 பவுண்டு செலுத்தினால் அரசு 2 பவுண்டு சேர்க்கும் திட்டம் உண்டு. நம் நாட்டில் அப்படிப் பொதுவான பண உதவி இல்லை. இடமாக, விடுப்பாக, உதவித்தொகையாகப் பிரிந்தே வருகிறது. ஆகவே தேடிப் பெற வேண்டியிருக்கிறது.

1. இடம்

நாம் பால்வாடி என்று சொல்லும் அங்கன்வாடி, 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய திட்டத்தைச் சேர்ந்தது. 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சத்துணவும் முன்பருவக் கல்வியும் இலவசம். 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால், 3 மாதத்துக்குள் மையம் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. தனியொருவர் கேட்பதைவிடத் தெருவே சேர்ந்து மனு கொடுப்பது இங்கே பலிக்கும்.

ஷிப்டு நேரம் முழுவதற்கும் அங்கன்வாடி போதாது. அதற்காகவே 2022-இல் வந்த 'பால்னா' திட்டம், 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடியுடன் இணைந்த காப்பகங்களை அமைக்கிறது. எல்லா ஊரிலும் இராது. அங்கன்வாடி ஆசிரியையிடம் கேட்டறியுங்கள்.

50 பேரும் அதற்கு மேலும் பணியாற்றும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்பது 2017-இல் வந்த சட்டத் திருத்தம். தாய் ஒரு நாளில் 4 முறை அங்கு சென்று வரலாம். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது இடம்பெற்றுள்ளது. 50 என்பது ஆண், பெண் இருபாலரையும் சேர்த்த கணக்கு என்பதை மறவாதீர்கள்.

2. விடுப்பு

முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் பேறுகால விடுப்பு உண்டு. இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்களுக்கு இத்தொகையை இ.எஸ்.ஐ. கழகமே தருகிறது, முந்தைய இரு சந்தாக் காலங்களில் 70 நாள் சந்தா சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று மாதந்தோறும் பாருங்கள்.

மத்திய அரசு ஊழியப் பெண்களுக்கு, பிள்ளை 18 வயதாகும் வரை, பணிக்காலம் முழுவதிலும் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவியருக்கு, ஆய்வுக் காலம் முழுவதற்கும் 240 நாள் வரை பேறுகால, பராமரிப்பு விடுப்பு அளிக்கலாம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதி. படிப்பைக் கைவிட எண்ணும் பெண்கள் முதலில் இதைக் கேட்டுப் பார்க்கட்டும்.

3. பணம்

பள்ளிப் பிள்ளைகளின் தாய்மாருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் தரும் 'அம்ம ஒடி' திட்டம் 2020 ஜனவரி 9-இல் நம் சித்தூரில்தான் தொடங்கப்பட்டது. பிள்ளைகள் எத்தனை பேரானாலும் தாய்க்கு ஒரே தொகை. 2025 ஜூனில் அதன் இடத்தில் வந்த 'தல்லிக்கி வந்தனம்' ஒவ்வொரு பிள்ளைக்கும் 15,000 ரூபாய் ஒதுக்கியது. பள்ளிப் பராமரிப்புக்கு 2,000 போக, 13,000 தாயின் கணக்குக்கு வந்தது. இரு பிள்ளைகள் என்றால் 26,000.

ஒன்றாம் வகுப்பு முதல் இன்டர்மீடியட் வரைதான் இத்தொகை. மழலையர் வகுப்புக்கு இல்லை. 75 சதவீத வருகையும் வருமான வரம்பும் நிபந்தனைகள். குடிபெயர்ந்தோர் தடுமாறும் இடம் ஆவணங்களே. ஆதாரில் பழைய ஊர் முகவரி, ரேஷன் அட்டை தமிழ்நாட்டில், வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு இல்லை என்றால் தகுதி இருந்தும் பணம் வராது. கிராம, வார்டு செயலகத்தில் இவற்றை முன்கூட்டியே சரிசெய்து கொள்ளுங்கள்.

சிந்திக்க

1. உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? காப்பகம் உண்டா?
2. உங்கள் தெருவில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்?
3. தாயின் ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் உள்ளதா?

இம்மூன்றுக்கும் விடை எழுதி வைத்துக்கொண்டால், அலுவலகப் படியேறும்போது என்ன கேட்பது என்ற தயக்கம் இராது.