ஒரு நோய், இரண்டு வாசல்கள்

மாணவர்களே! இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் விடாத ஒருவர் முதலில் எங்கே போகிறார்? பலர் தெருமுனையிலுள்ள தனியார் மருத்துவரிடந்தான் போகிறார்கள். கைக்காசு கரைந்தபின் அரசு மருத்துவமனைக்கு வருவோரும் உண்டு. எலும்புருக்கி என்று நம் பாட்டிமார் அஞ்சிய காசநோயில் இந்த இடமாற்றம் சாதாரண விஷயமன்று. ஏன்? சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காசநோய்க் கிருமிகளில் ஐசோனியாசிட் மருந்துக்கு இயற்கையாகவே மசியாதவை ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசினுக்கு மசியாதவை பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரலில் குழி விழுந்த நோயாளியிடம் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கக்கூடும். ஐசோனியாசிட் மட்டும் கொடுத்தால் நூறு கிருமிகள் தப்பிப் பெருகும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்? நிகழ்தகவுகளைப் பெருக்குங்கள்: நூறு லட்சம் கோடியில் ஒன்று! தப்புவதற்குக் கிருமியே இராது. ஆகவேதான் முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், பின்னர் 4 மாதம் மூன்று.

இதற்கு மருத்துவமனைப் படுக்கை வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு. நல்ல செய்திதான். ஆனால் வீட்டிலிருப்பவரைக் கவனிப்பது யார்? இரண்டாம் மாதம் இருமல் நின்றதும் மருந்தையும் நிறுத்திவிடுகிறார். அரசு மருத்துவமனைக்குப் போயிருப்பார் என்று தனியார் மருத்துவர் எண்ணுவார். அங்கோ அவர் பெயரே தெரியாது. மருந்தை விட்டு விட்டு உண்ணும் உடலில் மசியாத கிருமிகள் மிகுகின்றன. அவை இருமலோடு அடுத்தவரையும் சென்றடைகின்றன.

இந்த இடைவெளியை அடைக்கவே, தனியார் மருத்துவர்களும் ஒவ்வொரு காசநோயாளியைப் பற்றியும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டுமென 2012இல் இந்திய அரசு ஆணையிட்டது. 'நிக்ஷய்' என்னும் கணினிப் பதிவேடும் அவ்வாண்டே பிறந்தது. ஆணை மட்டும் போதுமா? போதவில்லை. தெரிவித்தால் நோயாளி தம்மை விட்டுப் போய்விடுவார் என்ற தயக்கம் மருத்துவர்களுக்கு இருக்கத்தானே செய்யும்! எனவே நோயாளி தம் மருத்துவரிடமே தொடரலாம். மருந்தை அரசு இலவசமாகத் தரும் என்று ஏற்பாடாயிற்று. என் கணிப்பில் இத்திட்டத்தின் உயிர்நாடி இதுவே. 2018 முதல் தெரிவிக்கும் மருத்துவருக்கு ஊக்கத்தொகையும், நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயும் கிடைத்தன. பின்னது 2024 நவம்பரில் 1000 ஆயிற்று. தனியாரிடம் சிகிச்சை பெறுவோருக்கும் இது உண்டு. காசநோய் மருந்து விற்கும் கடைக்காரரும் 2018 முதல் விவரம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்.