முன்பெருக்கிக்கு உரிய இடம்

பெங்களூருவில் இஸ்ரோ உருவாக்கி, 2005 மே 5 அன்று பிஎஸ்எல்வி-சி6 ஏவுகலத்தில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய 42.5 கிலோ எடையுள்ள ஹாம்சாட், 2014 ஜூலையில் மின்கலம் பழுதாகி ஓயும் வரை, ஹாம் வானொலியாளர்களின் குரலை 435 மெகாஹெர்ட்ஸில் வாங்கி 145 மெகாஹெர்ட்ஸில் திருப்பி அனுப்பிவந்தது. இத்தகைய சிறு செயற்கைக்கோள்களின் அலைபரப்பு ஒரு வாட் அளவே இருப்பதாலும், அவை தொடுவானத்தை ஒட்டி வரும்போது 2,500 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதாலும், ஆன்டெனாவை எட்டும் குறிகை மிக மெலிந்ததாகவே இருக்கும். அதை வானொலிப் பெட்டிக்குள் நுழையுமுன் வலுப்படுத்தும் சிறு சுற்றே முன்பெருக்கி, அதாவது ப்ரீஆம்ப்.

புதிதாக வாங்குவோர் அது எத்தனை டெசிபல் பெருக்குகிறது என்றே முதலில் பார்க்கின்றனர். உண்மையில் கவனிக்கவேண்டியது அதன் இரைச்சல் எண், அதாவது அச்சுற்று தானாகவே சேர்க்கும் இரைச்சலின் அளவு. அதைவிடவும் முக்கியமானது அதைப் பொருத்தும் இடம். கேபிளில் 3 டெசிபல், அதாவது குறிகையில் பாதி, இழக்கப்படுகிறது என்றும், வானொலிப் பெட்டியின் இரைச்சல் எண் 6 டெசிபல் என்றும் கொண்டால், மொத்தம் 9 டெசிபல் ஆகிறது. 0.5 டெசிபல் இரைச்சல் எண்ணும் 20 டெசிபல் பெருக்கமும் உள்ள முன்பெருக்கியை மேசையில் வைத்தால் அந்த மொத்தம் ஏறத்தாழ 3.6 ஆகவும், அதே கருவியை மாடியில் ஆன்டெனாவுக்கு அடியிலேயே பொருத்தினால் 0.8 ஆகவும் குறைகிறது. கேபிளில் தொலைந்துபோனதைக் கீழே இருக்கும் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது என்பதே இதன் காரணம்.

வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் பெங்களூருவின் நீலசந்திரா போன்ற பகுதியில் வேறொரு சிக்கலும் உண்டு. பண்பலை நிலையங்களும் கைபேசிக் கோபுரங்களும் வீசும் வலுவான அலைகள் முன்பெருக்கியைத் திணறடித்து, இல்லாத குறிகைகளை எல்லாம் அதற்குள் உண்டாக்கிவிடுவதால், வேண்டிய அலைவரிசையை மட்டும் விடும் வடிப்பி, அதாவது ஃபில்டர், அதன் முன்னால் இருப்பது நல்லது. அதனால் ஏற்படும் சிறு இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒலிபரப்பிக்கொண்டே கேட்பவருக்கோ தம் சொந்த அலையே பகையாகும்: சர்வதேச விண்வெளி நிலையத்தின் மறு ஒலிபரப்பிக்கு 145.990 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும்போது, அதன் மும்மடங்கு 437.970-இல் எழுந்து, கேட்கவேண்டிய 437.800-க்கு அருகிலேயே விழுகிறது. முன்பெருக்கியின் வழியாகவே ஒலிபரப்ப நேர்ந்தால், ஒலிபரப்பும்போது அதை விலக்கிவிடும் ரிலே இல்லாவிடில் அதன் டிரான்சிஸ்டர் நொடியில் எரிந்துபோகும்.

மழைநீர் புகாமல் இணைப்புகளைச் சுற்றி மூடுவதும், பெட்டியின் அடியில் ஈரம் வடிய ஒரு துளை விடுவதும், இடிமழை மாதங்களில் கேபிளைக் கழற்றிவைப்பதும் இன்றியமையாதவை.

145 மெகாஹெர்ட்ஸில் நகரத்து இரைச்சல் பெட்டியின் இரைச்சலை விஞ்சிவிடுவதால் முன்பெருக்கியின் பயன் அங்கே குறைவு. 435-இல்தான் அது முழுதாக வெளிப்படுகிறது. வாங்குமுன், ஆன்டெனாவைக் கழற்றி அவ்விடத்தில் 50 ஓம் மின்தடையை இணைத்துக் கேட்டுப் பாருங்கள். மீண்டும் ஆன்டெனாவை இணைத்ததும் இரைச்சல் தெளிவாக உயர்ந்தால், உங்களுக்குத் தேவை முன்பெருக்கி அன்று, இரைச்சல் குறைந்த வேறு இடம்.