ஞாபகம் மட்டுமா போகிறது?

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவனுக்கு மூளையைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஆச்சி இருக்கிறார்கள், அதுதான் யோக்கியதை. டாக்டர் 'டிமென்ஷியா' என்றபோது, 'வயசானா மறதி வரத்தானே செய்யும்' என்றோம். அப்படியல்ல. குழம்புக்கு உப்பு போட்டோமா என்று மறப்பது வயசு. உப்பு ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு 'இது எதுக்கு?' என்று கேட்பது நோய்.

1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் அகுஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணிடம் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் பெயர் கேட்டார். 'அகுஸ்தே'. குடும்பப் பெயர்? 'அகுஸ்தே'. கணவர் பெயர்? அதற்கும் அகுஸ்தேதான்! பன்றிக்கறியும் காலிஃப்ளவரும் சாப்பிட்டுக்கொண்டே, சாப்பிடுவது பசலைக்கீரை என்றார். 1906-ல் அவர் இறந்தபின் மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்த அல்சைமர், செல்களுக்குள் முறுக்கிய நார்களையும் வெளியே படிவுகளையும் கண்டார்.

இந்நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது, புது ஞாபகங்களைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸையும் அதன் அக்கம்பக்கத்தையும். நம்ம பாஷையில், பழைய டேப் பாடும், புதுசா ரெக்கார்டு ஆகாது. காலையில் தின்ன இட்லி ஆச்சிக்கு நினைவில்லை. கல்யாணத்துக்கு வந்த வண்டிமாடுகளின் நிறம் நினைவிருக்கிறது. மொழியில் முதலில் நழுவுவது பெயர்ச்சொல். கடிகாரம் 'மணி பாக்குறது' ஆயிற்று, பிறகு வெறும் 'அது'. ஆனால் இலக்கணம் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கிறது. ஆச்சிக்கு இன்னும் வினைமுற்று பிசகுவதில்லை (எனக்குத் தமிழ்ப் பரீட்சையில் பிசகியிருக்கிறது).

அடுத்தவர் மனசில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதும் மூளையின் வேலைதான். 1985-ல் குழந்தைகளுக்கு வைத்த ஒரு சோதனை: சாலி கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் அதைப் பெட்டிக்கு மாற்றுகிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? கூடையில்தானே! தனக்குத் தெரிந்தது சாலிக்குத் தெரியாது என்று புரிந்தால்தான் இந்தப் பதில் வரும். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒருவகை டிமென்ஷியாவில் ஞாபகம் ஓரளவு நன்றாக இருக்கும்போதே இந்தத் திறமை போய்விடும். எதிரே ஒருவர் அழுதாலும் உறைக்காது. வீட்டார் அதைத் திமிர் என்று நினைத்துச் சண்டை போடுவார்கள்.

ஆச்சிக்கு அந்த வகை இல்லை. என் முகம் வாடினால் இன்றும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒருநாள் சாயங்காலம், 'ஏல, ஒங்க தாத்தாவ இன்னும் காணலியே?' என்றார்கள். 'தாத்தா செத்து ஒன்பது வருஷம் ஆச்சு ஆச்சி' என்றேன். அன்றுதான் இழவு விழுந்ததுபோல் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பத்து நிமிஷத்தில் அதே கேள்வி. நானும் அதே பதில். மூன்று தடவை! எனக்குத் தெரிந்தது ஆச்சிக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று அடம்பிடித்த நான்தான் சாலி சோதனையில் ஃபெயில்.

இப்போதெல்லாம், 'தாத்தா வரும்போது என்ன வாங்கிட்டு வருவாங்க ஆச்சி?' என்று கேட்கிறேன். நேற்று, 'காராச்சேவுதான், ஒனக்கும் சேத்து' என்றார்கள். என் பெயர் வரவில்லை. 'தம்பி' என்று கூப்பிட்டார்கள்.